பெயர் அறியாப் பூக்கள்: கேமரன் மலைக் காட்டின் வரலாறு

பகாங் மாநிலத்துக் கேமரன் மலையில், ரிங்லெட் அணைக்குக் கீழே, லெம்பா பெர்த்தாம் என்னும் பள்ளத்தாக்கு உள்ளது. மலாய் மொழியில் 'லெம்பா' என்பது பள்ளத்தாக்கைக் குறிக்கும். 'பெர்த்தாம்' என்பது ஒருவகைக் காட்டுப் பனையின் பெயர். அதன் ஓலை கூரை வேய உதவுவது. அப்பெயரே ஆற்றுக்கும், ஆறு பாயும் பள்ளத்தாக்குக்கும் வழங்குகிறது. செடிகொடிகளின் பெயரால் நிலத்தை அழைக்கும் வழக்கம் தமிழர்க்குப் புதிதன்று. மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி எனப் பெயர் பெற்றமை ஒரு பூவினால் அன்றோ? முல்லை, மருதம், நெய்தல், பாலை என்னும் பெயர்களும் அவ்வாறு வந்தனவே.

இன்று அப்பள்ளத்தாக்கைக் காண்பவர் கண்ணில் முதலில் படுவது பனையன்று. சரிவுதோறும் வெண்மையாய் விரிந்து கிடக்கும் பிளாஸ்டிக் கூரைகளே. அவற்றின் கீழே காய்கறியும் சாமந்தியும் ரோசாவும் விளைகின்றன. கேமரன் மலை பூக்களுக்குப் பெயர் பெற்றது. ஆயினும் அங்குள்ள கடைகளில் விலைபோகும் பூக்களுள் பெரும்பாலானவை அம்மலையில் பிறந்தவையல்ல. அம்மலைக்கே உரிய பூக்களோ உச்சியிலுள்ள பாசிக்காட்டு நிழலில், பெயர் கேட்பார் இன்றிப் பூத்து உதிர்கின்றன.

ஒரு பூவின் பெயர் மக்கள் நாவில் வழங்குவதற்கும் அப்பூ அழியாமல் காக்கப்படுவதற்கும் தொடர்பு உண்டு. அத்தொடர்பைத் தேயிலை மலைகளின் வரலாறு தெளிவாகக் காட்டுகிறது. தேயிலையின் வரலாறு தமிழரின் வரலாறும் ஆதலின், இஃது அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தியாகும்.

வசந்தம் இல்லாத காடு

குளிர் நாட்டுக் காட்டுப் பூக்களுக்குக் குறித்த காலம் உண்டு. இங்கிலாந்தின் காடுகளில் மரங்கள் தளிர்த்து நிழல் பரப்புவதற்கு முன்னர், வசந்தத்தின் சில வாரங்களில், 'புளூபெல்' என்னும் நீலப்பூ தரை முழுவதும் பூத்துக் கிடக்கும். அக்காட்சியைக் காணவே மக்கள் ஊர்விட்டு ஊர் செல்வர். அந்நாட்டில் 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, நிலத்துக்கு உரியவர் இசைவின்றி எந்தக் காட்டுச் செடியையும் வேரோடு பிடுங்குதல் குற்றமாகும்.

கேமரன் மலையில் வசந்தம் இல்லை. இலையுதிர் காலமும் இல்லை. ஆண்டு முழுவதும் மழையும் மூடுபனியுமே. ஆயினும் பூக்கள் தத்தமக்கென ஒரு கணக்கு வைத்துள்ளன. மலாயாவின் தாழ்ந்த நிலங்களில் சாலையோர மரங்களில் ஒட்டி வளரும் புறா ஆர்க்கிட் இதற்கு நல்ல சான்றாகும். பெருமழையால் வெப்பம் திடீரெனத் தணிந்தால், அதிலிருந்து ஒன்பதாம் நாள் ஊரெங்கும் உள்ள அச்செடிகள் ஒரே காலையில் பூக்கும், அன்றே வாடிவிடும். அப்பூ பறக்கும் புறாவைப் போன்றிருத்தலின் மலாய் மக்களும் அதனைப் புறாவின் பெயராலேயே அழைக்கின்றனர்.

மலையின்மீது ஏற ஏறக் காட்டின் தோற்றம் மாறுகிறது. பிரிஞ்சாங் மலையின் உயரம் ஏறத்தாழ 2,030 மீட்டர். அதனை அடுத்த ஈராவ் மலை 2,100 மீட்டரையும் கடந்தது. அங்கே மரங்கள் குட்டையாகவும் முறுக்குண்டும் நிற்கின்றன. அடிமரம் முதல் நுனிக்கிளை வரை பாசி போர்த்திருக்கிறது. மேகமே அங்கு நீர் வார்க்கிறது. மண் புளிப்பேறியது, சத்துக் குறைந்தது. அம்மண்ணில் வாழ்வதற்காகவே குடுவைச் செடி தன் இலை நுனியைக் குடுவையாக்கி, அதில் விழும் பூச்சிகளை உணவாகக் கொள்கிறது. மலாய் மொழியில் அதற்குப் 'பெரியுக் கெரா', அதாவது குரங்கின் பானை, என்று பெயர். மலாய்த் தீபகற்பத்தின் மலைகளில் அன்றி வேறெங்கும் இயல்பாய் வளராத குடுவைச் செடி ஒன்றும் இங்கு உண்டு.

ஆர்க்கிட் வகைகள் மலாய்த் தீபகற்பத்தில் எண்ணூறுக்கும் மேற்பட்டவை. அவற்றுள் பல இத்தகைய மலைக்காடுகளைச் சார்ந்தவை. செம்மையும் மஞ்சளும் வெண்மையுமாய்ப் பூக்கும் ரோடோடெண்ட்ரான் வகைகளும் இக்காட்டில் உள்ளன. இவற்றின் உறவினமாகிய நீலகிரிச் செடியைத் தமிழகத்து மலைமக்கள் 'காட்டுப் பூவரசு' என்பர். இலங்கையில் அதன் இனத்தைச் சிங்களர் 'மகா ரத் மல்', அதாவது பெரிய செம்மலர், என்பர். கேமரன் மலைத் தமிழரிடையே இதற்குப் பரவலாக வழங்கும் பெயர் இல்லை.

ஏட்டில் ஏறிய பூக்கள்

இம்மலைப் பூக்கள் எவராலும் அறியப்படாமல் கிடந்தவை அல்ல. மலையின் பழங்குடிகளாகிய செமாய் மக்கள் காட்டை நம்பியே வாழ்ந்தவர்கள். காட்டுச் செடிகளை உணவாகவும் மருந்தாகவும் பெயரிட்டு அறிந்தவர்கள் அவர்களே.

மேனாட்டு அறிஞர் வந்தது பின்னரே. பேராக் அருங்காட்சியகத்தைச் சார்ந்த லெனார்டு ரே, 1880களின் இறுதியில் பத்தாங் படாங் மலைகளில் ஏறிச் செடிகளைத் திரட்டினார். ரோடோடெண்ட்ரான் வகை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. கல்கத்தா அரசுத் தாவரப் பூங்காவின் தலைவர் ஜார்ஜ் கிங், மலாயாச் செடிகளை முறைப்படுத்தி 1889 முதல் தொடர்ச்சியாக வெளியிட்டார். சிங்கப்பூர்ப் பூங்காவை நெடுங்காலம் நடத்திய ஹென்றி நிக்கலஸ் ரிட்லி, மலாய்த் தீபகற்பத்தின் தாவரங்களை ஐந்து தொகுதிகளில் 1922 முதல் 1925 வரை வெளியிட்டார். ரப்பர் பயிரை மலாயாவில் பரப்பியவரும் இவரே. அவருக்குப் பின் அப்பூங்காவின் தலைவராய் விளங்கிய ஹோல்ட்டம், மலாயாவின் ஆர்க்கிட் வகைகளைப் பற்றி 1953இல் பெருநூல் ஒன்று வெளியிட்டார்.

இவ்வாறு பூக்கள் ஏட்டில் ஏறின. ஆனால் ஏறியவை இலத்தீன் பெயர்கள். அவை அறிஞரின் உலர்செடித் தொகுதிகளிலும் நூலகங்களிலும் தங்கின. மலையில் வாழ வந்த மக்களின் நாவுக்கு அவை இறங்கி வரவில்லை.

ரிட்லியின் இறுதித் தொகுதி வெளிவந்த அதே 1925ஆம் ஆண்டில்தான், கேமரன் மலையைக் குடியேற்றத்துக்குத் திறப்பது என்னும் முடிவும் எழுந்தது. காட்டைப் பெயரிட்டு முடித்த ஆண்டே காட்டைத் திருத்தத் தொடங்கும் ஆண்டாகவும் அமைந்தது வரலாற்றின் விந்தை எனலாம்.

தேயிலையின் வருகை

நில அளவையாளர் வில்லியம் கேமரன் 1885இல் பகாங், பேராக் எல்லைப்புறத்தை அளக்கச் சென்றபோது இம்மேட்டு நிலத்தைப் பற்றி எழுதினார். அவர் பெயரே மலைக்கு நிலைத்தது. நாற்பது ஆண்டுகள் அக்குறிப்பு பயனின்றிக் கிடந்தது. 1925இல் மலாய்க் கூட்டரசின் தலைமைச் செயலாளர் ஜார்ஜ் மாக்ஸ்வெல் மலையை நேரில் கண்டபின், அங்கு மலைவாழிடமும் பயிர்த்தொழிலும் அமைக்கும் திட்டம் உருப்பெற்றது. தாப்பாவிலிருந்து மலைப்பாதை 1930ஐ ஒட்டிய ஆண்டுகளில் உருவாயிற்று.

ஜான் ஆர்ச்சிபால்டு ரசல் என்பார் 1929இல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். இலங்கையில் தேயிலைத் தொழில் பயின்ற மில்ன் என்பவர் அவருக்குத் துணை நின்றார். செங்குத்தான காட்டுச் சரிவுகளை வெட்டித் திருத்தியவர்கள் தென்னிந்தியத் தொழிலாளர். அவர்களுள் பெரும்பான்மையோர் தமிழர். கோவேறு கழுதைகளும் ஒரு நீராவி உருளை எந்திரமும் தவிர, மற்றவையெல்லாம் மனிதக் கைகளே செய்தன.

கொழுந்து, கவ்வாத்து, லயம், பிரட்டு எனத் தேயிலைத் தோட்டத் தமிழ் தனியொரு சொல் வளம் உடையது. நீலகிரி, மூணாறு, இலங்கை மலையகம் ஆகிய இடங்களில் வழங்கும் சொற்கள் அவை. தேயிலைச் செடியின் ஒவ்வோர் உறுப்புக்கும், ஒவ்வொரு வேலைக்கும் தமிழர் பெயர் வைத்தனர். ஆனால் தேயிலை வரிசை முடியுமிடத்தில் அவர்தம் சொல்லும் முடிந்தது. அதற்கு அப்பாலுள்ளது எல்லாம் 'காடு' என்னும் ஒரே சொல்லில் அடங்கிற்று. விடியுமுன் பிரட்டுக்கு நின்று, மாலையில் கொழுந்தை நிறுத்துக் கொடுத்துத் திரும்பியவருக்குக் காட்டில் உலாவிப் பூவை நோக்கப் பொழுது ஏது? குற்றம் அவர்களுடையதன்று, அவர்கள் வாழ்ந்த முறை அத்தகையது.

குறிஞ்சி காக்கப்பட்ட வகை

இதனோடு மேற்குத் தொடர்ச்சி மலையை ஒப்பிட்டுக் காண்க. அங்கும் தேயிலை வந்தது. 1877இல் ஜான் டேனியல் மன்றோ பூஞ்சாற்றுத் தலைவரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைப் பெற்றார். மூணாற்றுக் காடும் புல்வெளியும் தேயிலையாயின. பின்னர்த் தைல மரங்களும் பரவின. அங்கும் உழைத்தவர் தமிழரே. ஆயினும் அங்கு ஒரு பூ தப்பியது, அதுவே நீலக்குறிஞ்சி.

குறிஞ்சி பன்னீராண்டுக்கு ஒருமுறை பூப்பது. பூத்து விதை சிந்திய பின் செடி மடிந்துவிடும். ஆதலின் விதை முற்றுமுன் கிளைகளை ஒடிப்பது ஒரு தலைமுறையையே அழிப்பதாகும். பளியர் இப்பூப்பைக் கொண்டு தம் அகவையைக் கணக்கிட்டனர் என்பர். குறுந்தொகையின் மூன்றாம் பாடலில் தேவகுலத்தார் குறிஞ்சிப் பூவின் தேனைக் குறிப்பிடுகின்றார். கோடைக்கானலில் முருகன் குறிஞ்சி ஆண்டவர் என்னும் பெயரில் கோயில் கொண்டுள்ளார். இவ்வாறு இலக்கியத்திலும் வழிபாட்டிலும் பழங்குடியினர் கணக்கிலும் இடம் பெற்ற பூ, காணாமற்போனால் கவனிக்கப்படாமல் போகுமா?

1980களின் இறுதியில் குறிஞ்சி காப்புக்கென ஓர் இயக்கம் தோன்றி, அதன் அன்பர்கள் கோடைக்கானலிலிருந்து மூணாறு வரை நடந்தனர். பூத்த ஆண்டாகிய 2006இல் இந்திய அஞ்சல் துறை குறிஞ்சிக்குத் தபால்தலை வெளியிட்டது. அதே ஆண்டில் கேரள அரசு இடுக்கி மாவட்டத்து வட்டவடை, கொட்டக்கொம்பூர்ப் பகுதிகளில் ஏறத்தாழ 32 சதுரக் கிலோமீட்டர் நிலத்தைக் குறிஞ்சிமலைச் சரணாலயம் என அறிவித்தது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 2022இல் திருத்தப்பட்டபோது, காக்கப்படும் செடிகளின் பட்டியலில் நீலக்குறிஞ்சியும் சேர்ந்தது.

பெயரும் புகழும் தீங்கே செய்யா என்று கொள்ளுதல் கூடாது. 2006இலும் 2018இலும் பூவைக் காணக் கூட்டம் திரண்டது. கூட்டத்தோடு பூவை ஒடிப்போரும் வந்தனர். காவலும் கட்டுப்பாடும் தேவைப்பட்டன. சரணாலயத்தின் எல்லை பற்றி உழவர்க்கும் அரசுக்கும் வழக்கு நீண்டது. பெயர் அறிதல் காப்பின் முடிவன்று. ஆனால் தொடக்கம் அதுவே. பெயரில்லாப் பொருளுக்காக எவரும் நடைப்பயணம் சென்றதில்லை.

இலங்கை வரைந்த கோடு

இலங்கை மற்றொரு வழியைக் காட்டுகிறது. காப்பித் தோட்டங்கள் மலைக்காட்டை விழுங்கிக்கொண்டிருந்த காலத்தில், 1873இல், தாவர அறிஞர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேற்பட்ட காடுகளைத் தொடாது விடுமாறு அறிவுரை கூறினார். அரசும் அவ்வாறே ஆணையிட்டது. காப்பி நோயால் அழிந்து தேயிலை அதன் இடத்தைப் பிடித்தபோதும், உயர்மலைக் காட்டின் பெரும்பகுதி அவ்வாணையால் எஞ்சியது. அவ்வாறு எஞ்சியவற்றுள் ஒன்றாகிய ஹார்ட்டன் சமவெளி 1988இல் தேசியப் பூங்காவாயிற்று. குறிஞ்சியின் உறவினமாகிய 'நெலு' அங்கு 2013இல் பெருந்திரளாகப் பூத்தது.

ஒரு பூவின் பெயரால் எழுந்த காப்பு மூணாற்றில். உயரத்தின் பெயரால் இட்ட கோடு இலங்கையில். கேமரன் மலைக்கு இவ்விரண்டும் உரிய காலத்தில் வாய்க்கவில்லை.

சட்டமும் சந்தையும்

மலேசிய அரசமைப்பின்படி நிலமும் காடும் மாநில அரசுகளின் அதிகாரத்துக்கு உட்பட்டவை. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் விலங்குகளுக்கு உரியது, செடிகளுக்கு அன்று. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் பன்னாட்டு வாணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்பாட்டில் மலேசியா 1970களின் இறுதியில் சேர்ந்தது. அதனை நடைமுறைப்படுத்தும் சட்டம் 2008இல் இயற்றப்பட்டது. ஆர்க்கிட் வகைகளும் குடுவைச் செடிகளும் அவ்வுடன்பாட்டின் பட்டியல்களில் உள்ளன. ஆயினும் அது நாட்டின் எல்லையைக் கடக்கும் வாணிகத்துக்கு உரியது. காட்டிலிருந்து சாலையோரக் கடைக்கு வரும் செடியைத் தடுக்க வேண்டியது 1984ஆம் ஆண்டின் வனச் சட்டமே. அதன்படி ஒதுக்கப்பட்ட காட்டிலிருந்து உரிமமின்றிச் செடி எடுத்தல் குற்றம். ஆனால் மூங்கில் கூடையில் வைத்த குடுவைச் செடி காட்டில் பிடுங்கியதா, தோட்டத்தில் வளர்த்ததா என்பதைக் கூறுவது எளிதன்று.

வாங்கிச் செல்வோர் அறியாத உண்மை ஒன்று உண்டு. உயர்மலையின் குளிருக்குப் பழகிய செடிகளுள் பல, கீழ்நாட்டு வெப்பத்தில் நெடுநாள் வாழா. ஆர்க்கிடின் விதை தூளினும் நுண்ணியது. தன்னுள் உணவு இல்லாதது. மண்ணிலும் மரப்பட்டையிலும் வாழும் ஒருவகைப் பூஞ்சையின் துணையின்றிக் காட்டில் அது முளைப்பதில்லை. எனவே முதிர்ந்த ஒரு செடியைப் பிடுங்கினால், அதன் இடத்தில் மற்றொன்று வளர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். பூவைப் பறிப்பவர் ஒரு பருவத்தைக் கொள்கின்றனர். வேரைப் பிடுங்குபவர் ஒரு குலத்தையே கொள்கின்றனர்.

பிடுங்குதலினும் பெரிய கேடு, காடே இல்லாது போதல். காய்கறித் தோட்டங்கள் சரிவுகளில் மேலேறின. சட்டத்துக்கு மாறாகக் காடு வெட்டுதலும் நிகழ்ந்தது. இதனைக் கண்டு 2001இல் உள்ளூர் மக்கள் 'ரீச்' என்னும் சுற்றுச்சூழல் அமைப்பைத் தொடங்கினர். கெப்போங்கிலுள்ள வன ஆராய்ச்சி நிலையம், தீபகற்பத்தின் பூக்கும் தாவரங்களை மீண்டும் ஆராய்ந்து, 2010 முதல் புதிய தொகுதிகளை வெளியிட்டு வருகிறது. ரிட்லி எழுதியவற்றுள் எவை இன்னும் உள்ளன, எவை அருகின என்பதை அறிய அத்தகைய பணி இன்றியமையாதது.

பெர்த்தாம் ஆறு கூறும் பாடம்

பூக்களைக் காப்பது பொழுதுபோக்கு என்று எண்ணுவோர்க்கு லெம்பா பெர்த்தாம் விடை கூறும். பெர்த்தாம் ஆறு பிரிஞ்சாங் மலையில் பிறக்கிறது. பாசிக்காடு மேகத்தின் நீரைப் பஞ்சுபோல் உறிஞ்சிச் சிறிது சிறிதாக அதற்கு அளிக்கிறது. பின்னர் அவ்வாறு பிரிஞ்சாங், தானா ராத்தா ஊர்களைக் கடந்து, 1960களில் மின்னாற்றலுக்காகக் கட்டப்பட்ட சுல்தான் அபு பாக்கார் அணையின் நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. அணைக்குக் கீழே உள்ளதே லெம்பா பெர்த்தாம்.

மேலே சரிவுகள் வெறுமையாக்கப்பட்டமையால் மழைதோறும் மண் கரைந்து இறங்கியது. நீர்த்தேக்கத்தில் வண்டல் குவிந்தது. நீர் கொள்ளும் அளவு குறைந்தது. 2013 அக்டோபர் 23 அன்று, பெருமழைக்குப் பின் அணைநீர் திறந்துவிடப்பட்டபோது, நள்ளிரவில் லெம்பா பெர்த்தாமில் வெள்ளம் புகுந்தது. உயிர்கள் மாண்டன, வீடுகள் அழிந்தன. மறு ஆண்டு நவம்பரிலும் வெள்ளமும் மண்சரிவும் மக்களை வாட்டின. அதன் பின்னரே சட்டத்துக்கு மாறான காடு வெட்டுதலின்மீது அரசின் நடவடிக்கை முனைப்புற்றது.

உச்சிக்காட்டில் ஒரு பூ நிற்கிறது என்றால், அதனைச் சுற்றிப் பாசி நிற்கிறது. பாசி நிற்கிறது என்றால் மண் நிற்கிறது. பெயரறியாப் பூவின் அழிவும் பள்ளத்தாக்கில் உறங்கும் குழந்தையின் இன்னலும் ஒரே ஆற்றின் இரு முனைகள்.

தமிழ் கற்பித்தலும் பூவும்

கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டு 99 பூக்களைப் பெயர் கூறி வரிசைப்படுத்துகிறது. செங்காந்தள் தொடங்கும் அவ்வரிசையை மாணவர் மனனம் செய்வது தமிழ்ப்பள்ளிகளில் நெடுநாள் வழக்கம். அப்பாட்டு எதற்காகப் பாடப்பட்டது? ஆரிய அரசன் பிரகத்தனுக்குத் தமிழ் அறிவித்தற்குப் பாடியது என்பது பழங்குறிப்பு. அஃதாவது, பிறமொழியாளன் ஒருவனுக்குத் தமிழ் இன்னதென்று உணர்த்தப் புகுந்த புலவர், மலையையும் அம்மலையின் பூக்களையும் அவற்றின் பெயர்களையும் அவன்முன் வைத்தார். பூவின் பெயரைக் கூறுதல் தமிழ் கற்பித்தலின் புறத்தே நிற்பதன்று. அதன் அகத்தே உள்ளது.

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டத் தமிழ்ப்பள்ளிகள் இன்றும் நடைபெறுகின்றன. கொழுந்து பறிக்கும் வேலையில் பிறநாட்டார் பலர் வந்துவிட்டனர். தோட்டத்துத் தமிழர் பிள்ளைகள் வேறு தொழில்களுக்குச் சென்றுகொண்டிருக்கின்றனர். ஆயினும் அப்பள்ளிகளின் சன்னல் வழியே தெரிவது அதே மலை. அங்குள்ள மாணவர் குறிஞ்சிப்பாட்டின் 99 பூக்களையும் ஒப்பிப்பர். அவற்றுள் பலவற்றைக் கண்ணால் கண்டிரார். எதிரே நிற்கும் மலையின் பூக்களைக் கண்டிருப்பர். அவற்றின் பெயரை அறியார். இவ்விரண்டையும் இணைப்பது தமிழாசிரியரால் இயலும் செயலே.

அதற்குப் புதுச்சொற்களை இட்டுக்கட்ட வேண்டுவதில்லை. காட்டுப் பூவரசு என்னும் பெயர் நீலகிரியிலிருந்து கடல் கடந்து வரலாம். 'பெரியுக் கெரா'வைக் குரங்குப் பானை எனலாம். செமாய் முதியோர் வழங்கும் பெயர்களைக் கேட்டு, அவர் பெயராலேயே எழுதி வைக்கலாம். பெயரைக் கற்பிப்பது வேறு. அரிய செடி நிற்கும் இடத்தைப் பறைசாற்றுவது வேறு. முன்னதைச் செய்து பின்னதைத் தவிர்த்தலே அறிவுடைமை.

பெர்த்தாம் என்னும் பனையின் பெயர், கூரைக்கு ஓலை வேயும் வழக்கம் அருகிய பின்னும், ஆற்றின் பெயராய் நின்று வருகிறது. பெயர் அத்துணை நெடிது வாழும். காட்டில் பூத்து நிற்கும்போதே ஒரு பூவுக்குப் பெயர் வழங்குமாயின், பூவும் பெயரும் சேர்ந்து வாழ வழியுண்டு. பூ அழிந்த பின் வழங்கும் பெயரோ, நிழல் தராத மரம்போல, ஏட்டில் மட்டுமே நிற்கும்.